ஓரியண்டும் கிழக்கும்

‘ஓரியண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் ‘கீழ்த்திசை’ எனப் பெயர்ப்பது நம்மிடை நெடுநாள் வழக்கு. சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் பெயரே அதற்குச் சான்று. இரு சொற்களும் சுட்டும் திசை ஒன்றே. ஆயின் அவற்றின் வேர்ப்பொருள்கள் ஒன்றற்கொன்று மறுதலை.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் இலத்தீன். அங்கே ‘ஓரியன்ஸ்’ என்றால் எழுவது, அஃதாவது எழும் ஞாயிறு. கட்டடத்தைக் கிழக்கு நோக்கி அமைத்தலும், பின்னர்த் திசை தெளிதலும் அச்சொல்லின் வினைப்பொருள்களாயின. தமிழ்ச் சொல்லோ ‘கீழ்’ என்பதன் அடியாகப் பிறந்தது. திருக்குறளின் 488ஆம் பாவில் ‘கிழக்கு’ என்பது திசையைக் குறியாது, கீழாதலையே குறிக்கின்றது. ஆகவே மேலைநாட்டார் ‘எழுச்சி’ என்றதை நாம் ‘தாழ்வு’ என்று பெயர்த்துக்கொண்டோமோ என ஐயுறுவாரும் உளர்.

அவ்வையம் வேண்டா. தமிழகத்தில் மேற்கே மலை, கிழக்கே கடல்; காவிரியும் வையையும் பொருநையும் கிழக்கு நோக்கியே ஓடுகின்றன. உயர்ந்த பக்கம் மேற்கு, தாழ்ந்த பக்கம் கிழக்கு. இது நிலத்தின் சாய்வேயன்றி மக்களின் இழிவன்று.

1856இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதனை விளக்கினார். மலை கிழக்கிலிருந்தும் மலையாளத்தார் அத்திசையைக் ‘கிழக்கு’ என்பதைச் சுட்டி, அவர்கள் மலைக்கு இப்பாலிருந்து சென்று குடியேறியோர் என்றும் முடிவு கட்டினார்.

அம்முடிபை உரைத்துப் பார்க்கப் பூச்சோங் நல்லதோர் உரைகல். இங்கே தித்திவங்சா மலைத்தொடர் கிழக்கே நிற்கின்றது. கிள்ளான் ஆறு மேற்கே சென்று மலாக்கா நீரிணையிற் கலக்கின்றது. மலாய் மொழியின் ‘தீமூர்’, ‘பாராட்’ என்பன பருவக்காற்றின் பெயர்களிலிருந்து வந்தவை என்பர் மொழிநூலார். நாமோ மலைப்பக்கத்தைக் ‘கிழக்கு’ என்றும் கடற்பக்கத்தை ‘மேற்கு’ என்றும் தயக்கமின்றி வழங்குகிறோம். நம் முன்னோர் கடல் கடந்து வந்தமை வரலாறு அறிந்த செய்தி. எனவே, ஒரு நிலத்தின் சாய்வில் பிறந்த சொல் வேற்று நிலத்திலும் மாறாது நிலைபெறும் என்ற அளவில் கால்டுவெல் கூற்று வலுப்பெறுகின்றது.

ஆயினும் அவர் முடிபு முழுதும் இதனால் நிறுவப்பட்டதாகாது. மக்கள் பெயராமல் மொழி மட்டும் பரவுதலும் உண்டு. சொல் காட்டுவது சொல்லின் வழியையே. குடியேற்றத்தை நிறுவ வேறு சான்று வேண்டும். இவ்விரண்டையும் அவர் ஒன்றாகக் கொண்டது பிழை.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்தோர்க்கு நடத்தும் ‘ஓரியண்டேஷன்’ என்பதற்கு வேரைத் தேடிக் ‘கீழ்த்திசைப்படுத்தல்’ எனின் நகைப்பே விளையும். வழியறிந்தவர் அறியாதார்க்கு வழிகாட்டுதலை ‘ஆற்றுப்படுத்தல்’ என்றனர் நம் பழம்புலவர். பயனறிந்து பெயர்ப்பதாயின் அச்சொல் போதும்.