டாம் ஒயிட்

டிக்கன்ஸின் 'ஆலிவர் டுவிஸ்ட்' பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும், ஏழைகள் விடுதியில் பையன் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கிற இடத்தைத்தான் சொல்லுகிறார்கள். எனக்கென்னவோ அவனைப் போலீஸ் பிடித்துப் போகிற அத்தியாயமே பெரிதாகப் படுகிறது.

கைக்குட்டை திருடியவன் வேறொருவன், அகப்பட்டவன் இவன். குடிகாரர்களை அடைத்து வைத்திருந்த அழுக்கறையில் பூட்டுகிறார்கள். பிறகு மாஜிஸ்டிரேட் பெயர் கேட்கிறார். பையனுக்குத் தலை சுற்றுகிறது, நாக்கு எழவில்லை. பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரன் சற்று ஈரமுள்ளவன். பதில் வராவிட்டால் தண்டனை கூடுமே என்று பயந்து, பெயர் டாம் ஒயிட் என்று தானே சொல்லி வைக்கிறான். தாய் தகப்பன்? சிறு வயதிலேயே செத்துப்போனார்களாம். அதுவும் அவன் சொன்னதுதான். பையன் மயங்கி விழுகிறான்; அப்படியும் மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பாகிறது.

கொடுமைக்கார மாஜிஸ்டிரேட்டைச் சிருஷ்டிப்பது சுலபம். (லண்டனில் அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார், 1838ல் வேலையிலிருந்து நீக்கினார்கள்.) இந்த நல்ல போலீஸ்காரனைச் சிருஷ்டித்ததுதான் சாமர்த்தியம். இரக்கப்பட்டவனே பிள்ளையின் பெயரைத் தொலைத்துவிடுகிறான்!

ஓசூரில் உட்கார்ந்து படித்தால் இது கதையாகத் தோன்றாது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்குகிற எல்லையூர். தொழிற்சாலை வேலைக்காக ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேறு. ஒரு ஒடியாப் பையனை ஸ்டேஷனில் நிறுத்தித் தமிழில் பெயர் கேட்டால் அவனும் ஆலிவர் மாதிரிதான் விழிப்பான். 2015ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், பிள்ளைகளை லாக்கப்பில் வைக்கவே கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. 2016ன் மாதிரி விதிகள் மொழிபெயர்ப்பாளர் உதவியைக்கூடச் சொல்லுகின்றன. எழுதியவர்கள் டிக்கன்ஸைப் படித்திருந்தார்களோ என்னவோ!

டிக்கன்ஸிடம் எனக்கு ஒரு குறை உண்டு. சாட்சி சொல்லப் புத்தகக் கடைக்காரர் ஓடிவருகிறார். பையனை ஏற்றிக்கொள்ளக் கனவான் பிரவுன்லோவின் வண்டி வந்து நிற்கிறது. 2022 டிசம்பரில், தாம்பரத்தில் ரயில்வே பாட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையனுக்கு எந்த வண்டியும் வரவில்லை. செங்கற்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். 31ந் தேதி இறந்துபோனான். அடித்ததாக இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். 2023ல் இத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது.

தெலுங்கு தெரியாமல் ஆந்திரப் போலீஸில் அடிபட்ட தமிழ்த் தொழிலாளிகளைப் பற்றி மு. சந்திரகுமார் 'லாக்கப்' எழுதினார். அதுவே 'விசாரணை' படமாயிற்று. அவர்கள் வளர்ந்த ஆட்கள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்ட சிறுவனைப் பற்றி அத்தனை கனமான தமிழ் நாவல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நானும் எழுதவில்லை.