செடி யாரைக் கூப்பிடுகிறது?

பீட்டர் வோலெபெனின் ‘மரங்களின் மறைவான வாழ்க்கை’ 2015இல் ஜெர்மனில் வந்தது, அடுத்த ஆண்டே ஆங்கிலத்துக்குப் போனது. அதில் ஒரு இடம். புழு கடித்ததும் எல்ம் மரமும் பைன் மரமும் வாசனை விட்டு ஒட்டுண்ணிக் குளவியை அழைக்கின்றன. குளவி வந்து புழுவுக்குள் முட்டை வைக்கிறது. நல்ல கதைதான். மரத்தை ஏறிட்டுப் பார்க்காதவர்களையும் பார்க்க வைத்த புத்தகம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பொட்டிபுரத்திலிருந்து போடிமெட்டு ஏலமலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு வாசித்தால் அந்த ‘அழைக்கின்றன’ என்ற சொல் உறுத்துகிறது.

அறிவியல் சொல்வது இவ்வளவுதான். 1990இல் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் மூவரும் மக்காச்சோள நாற்றை வைத்துச் சோதித்தார்கள். இலையை வெறுமனே கீறினால் பெரிதாக ஒன்றும் இல்லை. கீறிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவினால், சில மணிநேரத்தில் செடி வேறொரு வாசனைக் கலவையை விடுகிறது. குளவி அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வாய்நீரில் இருந்த வேதிப்பொருளை 1997இல் பிரித்தெடுத்து ‘வாலிசிடின்’ என்று பெயர் வைத்தார்கள். குளவிக்கு இது பிறவி அறிவு மட்டுமல்ல. எந்த வாசனை இருந்த இடத்தில் புழு கிடைத்ததோ, அதைக் கற்றுக்கொள்கிறது.

சரி, இதில் கூப்பிட்டது யாரு? காற்றில் போன வாசனைக்கு முகவரி கிடையாது. குளவிக் குஞ்சுகளுக்குள்ளேயே முட்டையிடும் இன்னொரு வகைக் குளவி உண்டு. அதுவும் புழு கடித்த முட்டைக்கோஸ் குடும்பச் செடியின் வாசனையை வைத்தே இரையைத் தேடுகிறது என்று 2012இல் காட்டினார்கள். அப்போ செடி தன் காவலாளியின் எதிரியையும் சேர்த்தா ‘அழைத்தது’? வோலெபெனின் உவமை இங்கே நொண்டுகிறது.

நம் கவிதை மரபுக்கு இந்தச் சிக்கலைக் கையாளத் தெரியும். உள்ளுறையில் விலங்கும் செடியும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மனிதப் பொருள் அடியில் ஓடும், ஆனால் வெளியே சொல்லப்படாது. குருகு குருகாகவே இருக்கும், மீனைத் தின்னும். வோலெபென் செய்வது நேரெதிர். மரத்துக்கு நம் வாயைப் பொருத்திவிட்டு, அது பேசுவதாக வியக்கிறார்.

இது வெறும் நடைக் குறை இல்லை. ஏலச்செடியில் இலைப்பேன் இலையுறைக்குள்ளும் பூவுக்குள்ளும் ஒளிந்து சாற்றை உறிஞ்சுகிறது. காய் சொறிபிடித்து வந்தால் போடி ஏல மையத்தில் விலை விழும். துளைப்பான் புழுவோ தண்டையும் காயையும் குடைகிறது. அதனால் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்துக்குப் புழுவென்றும் குளவியென்றும் பேதம் கிடையாது. வாசனை பிடித்து வரும் குளவியும் சாகும். விடியற்காலையில் தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் கூலிப் பெண்கள் அதே தோட்டத்தில்தான் நாள் முழுக்கக் காய் எடுக்கிறார்கள். ‘செடி அழுகிறது’ என்ற வாக்கியத்தில் இவர்களுக்கு இடமில்லை. நம் இரக்கம் முழுவதும் செடியோடு முடிந்துபோகிறது.

இன்னொரு கதையும் இருக்கிறது. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றிலும் பரவியது. 2010இல் பெங்களூரு ஆய்வு நிலையம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளர்த்து வயல்களில் விட்டார்கள். கடுகைவிடச் சின்னதான ‘அசெரோபேகஸ் பப்பாயே’ பூச்சியை அடக்கியது. இங்கே குளவியைக் கூப்பிட்டது மனுஷங்கதான். விமானம், ஆய்வகம், அரசு அனுமதி எல்லாம் தேவைப்பட்டது. அடிக்காமல் விட்ட மருந்தும் அதில் சேரும்.

மரம் பேசுகிறதா என்று கேட்கும் புத்தகங்கள் இன்னும் வரும், வரட்டும். பக்கத்தில் மருந்து டப்பா ஏந்தி நிற்பவர் யார், அதன் விலையை உடம்பில் கொடுப்பவர் யார் என்று கேட்கும் ஒரு புத்தகத்தைத் தமிழில் எழுத ஏலமலை அடிவாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.