சுபாரு கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்?

இன்ஜின் பவரைக் கூட்டியவர்கள் கியர் ஆயில் வாங்கப் போனால், அது எத்தனை குதிரைத்திறனைத் தாங்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த ஆயிலை நம்பி கியர்பாக்ஸுக்குள் எந்தெந்தப் பாகங்கள் ஓடுகின்றன? இதை ஒழுங்காகக் கேட்டாலே பாதி வாதங்கள் அடங்கிவிடும். அதற்கு நல்ல உதாரணம், 2002 மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்த சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ். 2 லிட்டர் டர்போ, 227 குதிரைத்திறன், ஐந்து கியர். ட்யூன் செய்பவர்களுக்கு மிகவும் பிடித்த கார். மூன்று, நான்காவது கியர்களில் பல் போவதற்கும் பேர்போன கார்.

இதன் கியர்பாக்ஸ் உறைக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஐந்து கியர்களும் அவற்றின் சின்க்ரோ வளையங்களும் ஒரு பக்கம். முன்சக்கரங்களை ஓட்டும் டிஃபரன்ஷியல், கிரவுன் வீல், பினியனோடு அதே உறையில். நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் வால்பகுதியில். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊற்றுவது ஒரே ஆயில், ஏறக்குறைய 3.5 லிட்டர். பின் டிஃபரன்ஷியல் மட்டும் தனி; அதற்கு 0.8 லிட்டர்.

சிக்கல் இங்கேதான். முன் டிஃபரன்ஷியல் ஹைபாய்டு வகை: பினியனின் அச்சு கிரவுன் வீலின் மையத்திலிருந்து விலகியிருக்கும். அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் பிய்ந்துபோகும். அப்போது உலோகத்தைக் காப்பது சல்பர், பாஸ்பரஸ் சேர்மானங்கள் பல்லின்மேல் உண்டாக்கும் மெல்லிய ரசாயனப் படிவுதான். சின்க்ரோ வளையத்துக்கு வேண்டியதோ நேர் எதிர். கியர் மாற்றும் அந்த ஒரு நொடியில் வளையம் கூம்பைக் கவ்விப் பிடித்து இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு உராய்வு தேவை. ஆயில் மிகவும் வழுக்கினால் பிடிப்பு நழுவி, கியர் கரகரவென்று விழும்.

கியர் ஆயில் தர வகுப்புகளில் முதல் போட்டியாளர் ஜிஎல்-4. சின்க்ரோவுக்கு இதமானது, அதன் பித்தளை வளையங்களுக்குப் பாதுகாப்பானது என்று பலரும் சிபாரிசு செய்வது. மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற காரில் இந்தச் சிபாரிசு சரி. அங்கே கியர்பாக்ஸ் தனி, பின் டிஃபரன்ஷியல் தனி. ரெட் லைன் எம்டி-90 மாதிரியான ஜிஎல்-4 ஆயிலை நம்பி ஊற்றலாம். ஹோண்டாவின் முன்சக்கர ஓட்டக் கார்களில் கடைசிக் கியரும் சாதாரண ஹெலிக்கல் வகை, ஹைபாய்டு இல்லை. ஹோண்டா தன் கியர்பாக்ஸ் ஆயிலான எம்டிஎஃப் கிடைக்காத அவசரத்துக்கு 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயிலைத் தற்காலிகமாக ஊற்றலாம் என்று கையேட்டில் எழுதியதும் அந்த அமைப்பை வைத்துத்தான். அங்கே கண்ட நல்ல பலனை அப்படியே சுபாருவுக்குக் கொண்டுவருவது தவறு. ஜிஎல்-4-இன் சேர்மானம் பொதுவாக ஜிஎல்-5-இல் பாதியளவே. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிய காரில், ஹைபாய்டு பல்லுக்குப் பாதிக் காவல் போதாது. சுபாரு தன் கையேட்டில் ஜிஎல்-5 என்று குறித்திருப்பது இதனால்தான்.

ஜிஎல்-5 பித்தளையைத் தின்றுவிடும் என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. சூடு ஏறும்போது வீரியமான சல்பர் பித்தளை போன்ற செம்புக் கலவைகளை அரிக்கும். அதை அளக்க ஏஎஸ்டிஎம் டி130 என்ற சோதனை உண்டு: பளபளப்பான செம்புத் தகட்டை ஆயிலில் மூழ்கவைத்துச் சூடாக்கி, எவ்வளவு கறுக்கிறது என்று 1 முதல் 4 வரை தரம் போடுவார்கள். ஜிஎல்-5 தரம் 121 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரத்துக்குப் பிறகு 3 வரை அனுமதிக்கிறது. ஆக, ஜிஎல்-5 முத்திரை இருப்பதால் மட்டும் பித்தளை பத்திரம் என்று சொல்ல முடியாது. அதே வகுப்பில் 1 வாங்கும் ஆயில்களும் உண்டு. தயாரிப்பாளரின் தரவுத்தாளில் இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பவர் சரியான ஆயிலை எடுப்பார்; முத்திரையைப் பார்த்தே பயந்து ஜிஎல்-4-க்கு ஓடுபவர் ஒரு வளையத்தைக் காப்பாற்றப் போய் டிஃபரன்ஷியலைப் பணயம் வைக்கிறார்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு, அதைப் பேசுபவர்கள் குறைவு. ஜிஎல்-5-க்கான சோதனைகள் ஆக்ஸில் பற்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சின்க்ரோ எப்படிக் கவ்வுகிறது என்பதை அவை அளப்பதே இல்லை. கிளட்ச் தட்டு வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்காக, வழுக்கலைக் கூட்டும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரைப் பல ஜிஎல்-5 ஆயில்களில் முன்கூட்டியே கலந்துவிடுகிறார்கள். பின் டிஃபரன்ஷியலுக்கு அது வரம், சுபாரு கியர்பாக்ஸுக்கு அது சாபம். ரெட் லைன் 75டபிள்யூ-90-ஐ இரண்டு வடிவில் விற்கிறது. என்எஸ் என்று குறித்ததில் அந்த மாடிஃபையர் இல்லை. இங்கே வேண்டியது என்எஸ் வகைதான். முன் டிஃபரன்ஷியலுக்கு லிமிடெட் ஸ்லிப் போட நினைப்பவர் தட்டு வகையைத் தவிர்த்து ஹெலிக்கல் வகையை எடுத்தால் இந்த மோதலே எழாது.

அடுத்தது பாகுத்தன்மை. எஸ்ஏஇ ஜே306-இன்படி, 75டபிள்யூ-90-இல் வரும் 90 என்ற எண்ணுக்கு 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை இடம் உண்டு. ஆகவே டப்பாவில் ஒரே எண் போட்ட இரண்டு ஆயில்கள் உள்ளே வெவ்வேறு கெட்டியில் இருக்கலாம். சாலையில் ஓடும் கார் குளிர்காலக் காலையில் இரண்டாவது கியரில் முரண்டு பிடித்தால், அந்த வரம்பின் கீழ்ப்பக்கம் இருப்பது உதவும். பந்தயத் தடத்தில் நெடுநேரம் ஓடுவதற்கு மேல்பக்கம் நல்லது. இரண்டு வகைக்கும் பொதுவான நிபந்தனை, பற்களுக்கிடையே நசுங்கி நசுங்கி ஆயில் நீர்த்துப்போகக் கூடாது என்பது. 20 மணி நேர கேஆர்எல் சோதனைக்குப் பிறகு பாகுத்தன்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே இதற்கு அளவுகோல்.

இனி கலவைகள். ஜிஎல்-4 கொஞ்சம், ஜிஎல்-5 கொஞ்சம், அதோடு திடத்துகள்கள் மிதக்கும் ரெட் லைன் ஷாக்ப்ரூஃப் ஒரு பாட்டில் என்று சேர்த்து ஊற்றும் பழக்கம் சுபாருக்காரர்களிடம் பல காலமாக உண்டு. கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் கையில் தெரியும் சுகம் சின்க்ரோவைப் பற்றிய சாட்சி மட்டுமே. ஹைபாய்டு பல் எப்படி இருக்கிறது என்று கியர் குமிழ் சொல்லாது. சேர்மானங்களைக் கலந்தபின் அழுத்தம் தாங்கும் திறன் எவ்வளவு மிஞ்சியது, செம்பை அது எப்படி நடத்தும் என்பதற்கு எந்தத் தரவுத்தாளும் கிடையாது. பாதி சாட்சியத்தை வைத்துக் கியர்பாக்ஸைப் பணயம் வைக்க முடியாது. ஆகவே கலவையை நிராகரிக்கிறேன்.

ஆயிலால் ஆகாத காரியத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த கியர்பாக்ஸில் பல் முறிவது பெரும்பாலும் வேரில். 5,000 சுற்றில் கிளட்சைச் சட்டென்று விட்டால், நான்கு சக்கரங்களும் சறுக்காமல் தரையைப் பிடித்துக்கொள்ள, முழு அதிர்ச்சியும் பல்லின் அடிப்பகுதியை வளைக்கிறது. பல்லின் மேற்பரப்பில் வரும் உரசலையும் குழிவையும் ஆயில் தடுக்கும். வேரில் வரும் வளைவு முறிவை எந்த ஆயிலும் தடுக்காது. 300 குதிரைத்திறனுக்கு மேல் போய், நின்ற இடத்திலிருந்து சீறிப் பாய்வதே பழக்கமானால், பணத்தை வலுவான கியர் செட்டுக்கோ இதே காரின் எஸ்டிஐ வடிவத்தின் ஆறு கியர் பாக்ஸுக்கோ ஒதுக்க வேண்டும். சின்க்ரோ இல்லாத டாக் கியர் செட் போட்டுவிட்டால் மேலே சொன்ன உராய்வுக் கணக்கு முழுவதும் மாறிவிடும். அப்போது கெட்டியான பந்தய ஆயிலே பொருந்தும்.

சின்க்ரோ உள்ள ஐந்து கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு அளவோடு ட்யூன் செய்த டபிள்யூஆர்எக்ஸுக்கு என் தீர்ப்பு இது: முழு சிந்தெடிக், ஜிஎல்-5, 75டபிள்யூ-90, ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் இல்லாதது, டி130-இல் 1 வாங்கியது. ரெட் லைன் 75டபிள்யூ-90 என்எஸ், மோட்டுல் கியர் 300 ஆகியவற்றைத் தரவுத்தாளோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிட, 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்கும் மாற்றாமல் விடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தங்கப்பொடி போல மினுங்கினால் சின்க்ரோ தேய்கிறது. வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். ஊசி போன்ற எஃகுச் சில் ஒட்டியிருந்தால் ஆயிலைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு கியர்பாக்ஸை இறக்க வேண்டிய நேரம்.