மோயாற்றின் இரு கரையும் எரியும்போது

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீ 23 உயிர்களைப் பறித்தது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல்வெளியில் சிக்கிக்கொண்டார்கள். முதலில் மலையேறி ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்கள். அரசின் கோரிக்கையோ சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய், அங்கிருந்து விமானப் படைக்கு உத்தரவாக வந்தது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும், ஜீப் ஏறும் பாதை இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் தொடங்குகிறது. நம் மலையுச்சிக்குச் சாலை கேரளத்தின் வழியே. ஆபத்தில் உதவி கேட்கும் வழி மட்டும் டெல்லியின் வழியே.

மாநிலங்கள் ஒன்றுக்கொன்று நேரடியாக உதவ முன்கூட்டியே எழுதிவைத்த ஒப்பந்தம் என்பது புதிய யோசனை அல்ல. 1947 அக்டோபரில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைக் காட்டுத்தீ சூறையாடியது. 1949-இல் அந்நாட்டின் வடகிழக்கு மாநிலங்கள் காட்டுத்தீ ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்னாளில் கனடாவின் கியூபெக், நியூ பிரன்ஸ்விக் மாகாணங்களும் அதில் சேர்ந்தன. 1996-இல் எல்லாவகைப் பேரிடருக்கும் பொதுவான ஒப்பந்தத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. இன்று 50 மாநிலங்களும் அதில் உண்டு. செலவை உதவி கேட்ட மாநிலம் திருப்பித் தரவேண்டும். உதவப் போனவர் அடிபட்டாலோ இறந்தாலோ அவருடைய சொந்த மாநிலமே இழப்பீடு தரும். வேலையின்போது அவரால் நேரும் சேதத்துக்குக் கேட்ட மாநிலமே பொறுப்பு. சலிப்பூட்டும் ஷரத்துகள்தாம். ஆனால் தீ எரியும் நேரத்தில் யாரும் கணக்குப் பேச வேண்டியதில்லை என்பதே இவற்றின் பலன்.

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்கிறவர்களுக்கு இது விளங்கும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. தறியில் அமர்ந்தவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவை ஒவ்வொரு முறையும் கோத்துக் கொடுக்கவேண்டும். அவருக்கான கூலி தறி ஏறும் முன்பே பேசி முடிந்திருக்கும்.

நம் மாநிலங்களுக்கு இடையே உதவும் மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது தமிழ்நாடு ஐந்து கோடி ரூபாய் தந்தது. இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் தலைமையில் தீயணைப்பு வீரர்களையும் மருத்துவர்களையும் அனுப்பியது. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் இருக்கிறது. 2018 கேரள வெள்ளத்துக்கு இங்கிருந்தும் குழுக்கள் போயின. வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் இந்த ஏற்பாடு ஓரளவு போதும். மீட்பும் நிவாரணமும் நாள்கணக்கில் நடப்பவை. காட்டுத்தீ அப்படியல்ல. முதல் சில மணி நேரத்தில் அமுக்காவிட்டால், பிறகு வரும் படை பெரும்பாலும் சாம்பலைத்தான் பார்க்கும்.

தமிழ்நாட்டின் முதுமலைக்கும் கர்நாடகத்தின் பந்திப்பூருக்கும் நடுவே எல்லையாக ஓடுவது மோயாறு. மேற்கே வயநாடு. 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 5,520 சதுர கிலோமீட்டரில் மூன்று மாநிலங்களிலும் விரிந்து கிடக்கிறது. மாசி, பங்குனியில் இந்த இலையுதிர் காட்டில் புல் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். உண்ணிச்செடிப் புதரில் ஏறிய தீ மரத்தின் உச்சிவரை போய்விடும். அதை எதிர்ப்பவர்களில் பலர் தினக்கூலிக்கு வரும் தீத்தடுப்புக் காவலர்கள், பெரும்பாலும் பழங்குடியினர். கையில் பச்சைக் கிளை. அதைக்கொண்டு அடித்து அணைப்பார்கள்; முடியாதபோது, காற்றின் போக்கைப் பார்த்து எதிர்த்தீ வைத்து, வரும் தீக்குத் தின்ன எதுவும் இல்லாமல் செய்வார்கள். ஒரு கரையில் வைக்கும் எதிர்த்தீயை மறுகரைக்காரர் அறியாமலிருந்தால், காற்று திரும்பிய நொடியில் அது அவர்கள் தலையில் விழும். அருகிலுள்ள இரு ரேஞ்சர்கள் ஒரே அலைவரிசையில் பேச முடிந்தாலே பாதி ஒப்பந்தம் நிறைவேறியது போலத்தான்.

ஒப்பந்தம் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவிலேயே மேற்குப் பகுதி முழுதும் ஒரே நேரத்தில் எரியும்போது கடன் கொடுக்க அண்டை வீட்டில் ஆள் இருப்பதில்லை. 2020-இல் கலிபோர்னியா ஆஸ்திரேலியாவரை உதவி கேட்க நேர்ந்தது. நமக்கும் இதே சிக்கல்தான்: பந்திப்பூர் எரியும் பிப்ரவரியில் முதுமலையும் காய்ந்தே கிடக்கும், தன் ஆட்களை விட அஞ்சும். பக்கத்து வீட்டை நம்பித் தன் தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்யாமல் விடும் மாநிலமும் இருக்கக்கூடும். அந்த ஆபத்தையும் மறைக்கக் கூடாது.

ஆனால் பருவம் நாடெங்கும் ஒன்றல்ல. தெற்கே பிப்ரவரி, மார்ச்சில் தீ உச்சத்தில் இருக்கும். உத்தராகண்டில் ஏப்ரலிலிருந்து. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரிலும், 2024 ஏப்ரலில் நைனிடாலிலும் விமானப் படை ஹெலிகாப்டர்கள் பெரிய வாளிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் கொட்டின. இத்தகைய கருவிகளைத் தூர மாநிலங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆட்களை அப்படி அனுப்ப முடியாது. மோயாற்றுப் பள்ளத்தில் காற்று எப்போது திரும்பும் என்று அறிந்த காவலர், குமாவுன் மலையின் பைன் காட்டில் புதியவர்தான். ஆகவே கருவிக்குத் தூரத்து ஒப்பந்தம், ஆளுக்கு அண்டை ஒப்பந்தம் என்று பிரித்தே எழுதவேண்டும்.

அண்டை ஒப்பந்தத்தில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இழப்பீடு. முதுமலையின் தினக்கூலிக் காவலர் ஆற்றைத் தாண்டிப் போய்க் கருகி இறந்தால், அவர் மனைவி எந்த மாநிலத்தின் கதவைத் தட்டுவார்? இதற்கு எழுத்தில் விடை இல்லாதவரை, ஆட்களை அக்கரைக்கு அனுப்பத் தயங்கும் அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். மத்திய அரசின் காட்டுத்தீத் தடுப்புத் திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய, மாநிலப் பங்கு 60-க்கு 40. அந்தப் பணத்திலேயே எல்லை தாண்டும் பணிக்கும் காப்பீட்டுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

மேசை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2024 மார்ச் 10 அன்று பந்திப்பூரில் கேரளமும் கர்நாடகமும் மனித–விலங்கு மோதலைச் சமாளிக்க ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன. தமிழ்நாட்டு அதிகாரிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். யானைக்காக உட்கார்ந்தவர்கள் தீக்காகவும் உட்காரலாம். எல்லை ரேஞ்சர் மேலிட அனுமதிக்குக் காத்திராமல் ஆட்களுடன் ஆற்றைக் கடக்கும் அதிகாரம், பொது அலைவரிசை, இழப்பீட்டுப் பொறுப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் கொண்டுவந்து, அடுத்த தை மாதம் தீத்தடுப்புக் கோடு வெட்டத் தொடங்கும் முன் மூன்று மாநில வனத்துறை அமைச்சர்களும் கையெழுத்திட வேண்டும்.