சட்டத்தின் புறனடை

கவிதைத் தொகுதி என்றால் வரிவரியாகக் கட்டுடைக்கிறோம். அரசிதழ் என்றால் வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டங்களை, தமிழ் எம்.ஏ. படித்தவன் என்கிற ஒரே தகுதியோடு, பிரதிகளாக வாசித்துப் பார்த்தேன்.

1993ஆம் ஆண்டுச் சட்டம் ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்றால் மனித மலத்தைக் கையால் சுமந்து செல்பவர் என்று வரையறுத்தது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவர் எதையும் சுமக்கவில்லையே! ஆகவே அவர் பிரதிக்கு வெளியே. துப்புரவு மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது என்பதால் அவை தீர்மானம் போட வேண்டியிருந்தது. 1997 ஜனவரியில் சட்டம் அமலுக்கு வந்தபோது ஆறு மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும்தான் அதில் இருந்தன. தமிழ்நாடு இல்லை. சமூக நீதி பேசி இங்கே மாறிமாறி ஆண்டவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் வரையறையை விரித்தது. திறந்த சாக்கடை, குழி, ரயில் தண்டவாளம் எல்லாம் உள்ளே வந்தன. கூடவே ஒரு விளக்கமும் வந்தது: மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்புக் கவசங்களோடும் மலம் அகற்றுகிறவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார். தொல்காப்பியத்தில் இயலின் கடைசியில் வரும் புறனடை, சூத்திரங்களில் சொல்லாமல் விடுபட்டதையும் அடக்கிக்கொள்ளும். இந்தப் புறனடையோ உள்ளே இருந்த ஆளை வெளியே தள்ளுகிறது. சாதி அவரை வைத்திருக்கிற இடம் என்னவோ அதே குழிதான்.

நடைமுறை என்பது இந்த வாக்கியத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் என்னிடம் சொன்னார்: “கையுறை குடுத்ததா கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க சார். கையுறைய நான் கண்ணாலகூடப் பாக்கல.” கோப்பில் விதி நிறைவேறிவிட்டது.

கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021இல் நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. பச்சைப் பொய் என்று நாமெல்லாம் கத்தினோம். இப்போது பார்த்தால், அந்த வரையறைப்படி அது இலக்கண சுத்தமான வாக்கியம். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் செத்தவர்கள் ‘அபாயகரமான துப்புரவு’ என்ற வேறொரு தலைப்பில் இருந்தார்கள்.

1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக்கியது. கணவனை இழந்த ஒரு பெண்ணோடு நானும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். “அவரை எறங்கச் சொன்னது யாரு? வீட்டுக்காரரா, கான்ட்ராக்டரா? எழுத்துல ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார்கள். அவரிடம் இருந்தது ரேஷன் கார்டு.