ஏன் இந்த நிறம்? மாணவர் ஓவியங்களை ரசிப்பது எப்படி

பள்ளி ஓவியக் கண்காட்சியில் படத்துக்குப் பக்கத்தில் மாணவர் நிற்கிறார். பார்க்க வந்தவர், ‘என்ன கருத்துப்பா இது?’ என்கிறார். ‘இயற்கையைக் காப்போம் சார்’ என்று பதில் வருகிறது. ‘வெரிகுட்’ சொல்லிவிட்டு அவர் அடுத்த சார்ட்டுக்கு நகர்ந்துவிடுகிறார். இதில் பார்த்தவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, வரைந்தவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல அந்தப் படமே தேவையில்லை என்பதுதான் காரணம். பக்கத்துப் படத்துக்கும் அதே வாசகம் பொருந்தும். மாணவர் தம் படத்தைப் பற்றிப் பேசுவது நம் ரசனைக்குப் பெரிய துணை என்றே நினைக்கிறேன். ஆனால் அது துணையாக வேண்டுமானால் கருத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, வரையும்போது எடுத்த முடிவுகளைக் கேட்க வேண்டும். ஏன் இந்த நிறம், இந்த மூலை ஏன் காலி, எதை வரைந்துவிட்டு அழித்தாய், நினைத்தபடி வராமல் போனது எது?

சென்னையின் கொரட்டூரையே எடுத்துக்கொள்வோம். இங்கே படிக்கும் பிள்ளையிடம் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் பெரும்பாலும் வருவது ‘சீனரி’தான்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. கொரட்டூரில் மலை ஏது? இருப்பது ஏரி. அம்பத்தூர்ப் பக்கத்துக் கழிவுநீர் கலந்து, ஊர்மக்கள் போராடி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போன ஏரி. இன்னமும் நீர்ப்பறவைகள் வந்து இறங்கும் ஏரி. ஆகவே மாணவரின் படத்தில் முதலில் தேட வேண்டியது, அது சீனரியிலிருந்து எந்த இடத்தில் விலகுகிறது என்பதை. சொந்த யோசனை அங்கேதான் தொடங்கியிருக்கும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏரித் தண்ணீருக்குக் கறுப்பு பூசியிருக்கிறாள், ஆனால் பறவையைச் சுற்றி மட்டும் தாளை வெள்ளையாக விட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருத்தைக் கேட்டால் ‘மாசு’ என்பாள். வெள்ளை ஏன் என்று கேட்டால், ‘முழுசும் கறுப்பு அடிச்சா பறவை தெரியலை, அதான் விட்டுட்டேன்’ என்பாள். முதல் பதில் எல்லோருடையது, இரண்டாவது அவளுடையது. அதைக் கேட்டபின் படத்தைத் திரும்பப் பார்த்தால், அவள் சொல்லாத ஒன்றும் தெரியவரும்: பறவை கண்ணுக்குத் தெரிவதற்கே சுத்தமான இடம் வேண்டியிருக்கிறது. இது அவள் திட்டமிட்டதல்ல. ஆனாலும் படத்தில் இருக்கிறது. அவள் முடிவிலிருந்து பிறந்ததால் அது அவளுக்கே உரியது.

பெரிய கலைஞர்கள் தங்கள் படத்தைச் சரியாக விளக்கிய இடங்களிலும் இதே தன்மையைப் பார்க்கலாம். 1888இல் வின்சென்ட் வான்கோ, தாம் வரைந்த இரவுக் காப்பிக்கடை ஓவியத்தைப் பற்றித் தம்பி தியோவுக்கு எழுதினார். மனிதரின் பயங்கரமான வேட்கைகளைக் காட்ட நினைத்ததாக அதில் சொல்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் ஒரு வாசகமாகவே போயிருக்கும். அவரோ சிவப்பையும் பச்சையையும் மோதவிட்டதை, சுவரின் இரத்தச் சிவப்பை, நடுவில் கிடக்கும் பச்சை பில்லியர்ட்ஸ் மேசையை, விளக்குகளின் எலுமிச்சை மஞ்சளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்தக் கடிதத்தைப் படித்தவர் ஓவியத்தை முன்பு பார்த்ததுபோல் பார்க்க முடியாது. விளக்கம் அவரைப் படத்துக்குள் அனுப்பிவிடுகிறது, படத்தைவிட்டு வெளியே இழுப்பதில்லை. எனவே வரிசை முக்கியம். முதலில் மாணவரைப் பேசவிடாமல் நீங்களாகவே ஓரிரு நிமிடம் பாருங்கள். பிறகு நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் எனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹௌசனும் உருவாக்கிய முறையில் ஓவியத்தைப் பார்ப்பவரிடம் கேட்கும் முக்கியமான கேள்வி, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பது. அதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் மாணவரைக் கேளுங்கள், மறுபடி படத்துக்கு வாருங்கள்.

நல்ல படம் தானே பேசும், வரைந்தவர் எதற்குப் பேச வேண்டும் என்று ஒரு மறுப்பு உண்டு. அதற்குக் கனமான பின்னணியும் இருக்கிறது. படைத்தவரின் நோக்கம் படைப்பை மதிப்பிடும் அளவுகோல் ஆகாது என்று விம்சட், பியர்ட்ஸ்லி என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1946இலேயே கவிதையை முன்வைத்து வாதிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்த மாணவி மாசைத்தான் நினைத்தாள் என்பதால் படம் நல்ல படம் ஆகிவிடாது. ஆனால் அவர்கள் வாதம் தீர்ப்பைப் பற்றியது. நாம் விளக்கத்திடம் தீர்ப்பு கேட்கவில்லை, எங்கே பார்ப்பது என்று மட்டும் கேட்கிறோம். இன்னொரு மறுப்பு, பெற்றோரே சொல்வது: பிள்ளைகள் பேசுவதெல்லாம் டிராயிங் மிஸ் சொல்லிக்கொடுத்ததுதானே? பல நேரம் உண்மை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா போன்ற போட்டிகள் ஏராளமான பிள்ளைகளை வரைய வைத்திருக்கின்றன, அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் போட்டி என்று வந்தாலே மனப்பாடப் பேச்சும் கூடவே வந்துவிடும். கருத்தை மனப்பாடம் செய்ய முடியும். கறுப்பு காய்வதற்குள் தண்ணீர் பட்டு ஓரம் கசிந்ததை யாரும் முன்கூட்டியே எழுதிக்கொடுக்க முடியாது. கல்லூரிக்கும் இது பொருந்தும். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த அரசு கவின்கலைக் கல்லூரி, கொரட்டூரில் மின்ரயில் ஏறினால் எட்டிவிடும் தொலைவில், பெரியமேட்டில் இருக்கிறது. கொச்சியில் 2014 முதல் நடக்கும் மாணவர் பினாலேயில் நாடெங்கும் உள்ள கலைக்கல்லூரி மாணவர்களின் படைப்புகள் வைக்கப்படுகின்றன. அங்கே ‘இயற்கையைக் காப்போம்’ இருந்த இடத்தில் ‘அடையாளம்’, ‘நினைவு’, ‘உடல்’ என்று சொற்கள் வந்து உட்கார்ந்திருக்கும். அப்போதும், இரும்புக் கழிவைக் கொண்டு செய்த படைப்பு ஒன்றின் முன் நின்றால், கேட்க வேண்டியது அதேதான்: இந்த லேத் பட்டறைச் சுருளை எங்கே பொறுக்கினாய், ஏன் துருவைத் தேய்க்காமல் விட்டாய்?

பேச வராத மாணவர் என்ன செய்வார் என்பதே எனக்கு மிகக் கடினமான கேள்வி. சென்னைக் கலைப்பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்று, அவர் 1966இல் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்த ஓவியர் கே. ராமானுஜத்துக்குப் பேச்சு எளிதில் வராது. 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். மாளிகைகளும் பாம்புகளும் வினோத விலங்குகளும் நெருங்கிய அவருடைய மைக்கோட்டு ஓவியங்கள் இன்று சென்னைக் கலை வரலாற்றில் தனியிடம் பெற்றவை. பேச்சை வைத்து மாணவரை எடைபோடும் கண்காட்சியில் அவருக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது. சரளமாகப் பேசும் பிள்ளையிடமே கூட்டம் சேர்வதை எந்தக் கண்காட்சியிலும் பார்க்கலாம், இது அநியாயம். நான் சொல்லும் முறையில் இதற்கு ஓரளவு வழி இருக்கிறது, ஏனெனில் முடிவுகளை வாயால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. வாய் திறக்கத் தயங்கும் மாணவரிடம் விளக்கம் கேட்காமல் ரஃப் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கோட்டை எத்தனை முறை மாற்றினார், எந்த உருவத்தைத் தூக்கி எறிந்தார், எந்த நிறத்தை ஓரத்தில் பூசிப் பார்த்து வேண்டாம் என்று விட்டார் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கும். பள்ளிகளும் சுவரில் முடிந்த படத்தை மட்டும் மாட்டாமல், அதற்குக் கீழே ஒரு மேசை போட்டு அந்த நோட்டையும் திறந்து வைக்கலாம்.