காற்று செத்த விடியலில்

மணலிப் பக்கமிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனால் எல்லோருக்கும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்தான் கண்ணில் படும். எனக்கு ஃபைபர் படகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லாங்டெயில் இன்ஜின்மேல்தான் ஆசை. காற்று செத்த விடியலில், பாயை நம்ப முடியாத நேரத்தில் அதுதான் துணை. நீளமான இரும்புத் தண்டு, அதன் நுனியில் சின்ன விசிறி, அவ்வளவுதான். முகத்துவாரத்தில் மணல் மேடிட்ட இடம் வந்ததும் படகோட்டும் அண்ணன் கைப்பிடியை அழுத்துகிறார். ஏற்றமரம்போலத் தண்டு எழும்ப, விசிறி தண்ணீரை வாரி இறைக்கிறது; கனமாக இருந்த இன்ஜின் சத்தம் சட்டென்று மேலேறுகிறது. ஆழம் கண்டதும் அவசரமில்லாமல் இறக்குகிறார். சத்தம் மறுபடி தாழ்ந்து அடங்குகிறது. கலங்கல் நீரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. உள்ளங்கைக்கு வரும் அதிர்வை வைத்தே அடியில் சேறா, மணலா என்று சொல்லிவிடுகிறார்.